பஸ்ஸில் ஏறினால் பிரஷரும் ஏறுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிளினிக்கில் எனக்கு 150/95. "பஸ்ஸிலயா வந்தனீங்கள் அம்மா? பத்து நிமிஷம் இருங்கோ" என்றார் நேர்ஸ். மறுபடி பார்த்தால் 138/86. கொழும்புக் காலி வீதி நெடுக என் தலைக்கு மேலேயே பஸ்ஸின் பாட்டு ஸ்பீக்கர் அதிர்ந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

2006இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், வேகமான இசை மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டியது. நடுவே விட்ட 2 நிமிட மௌனத்தில் அழுத்தம் தொடக்க அளவுக்கும் கீழே இறங்கியது. இரவில் மாத்திரையைப் போட்டுவிட்டு மெதுவான வீணை கேட்பேன். மூச்சு தானாக நிதானப்படும்.

சாரதித் தம்பிமாரே, பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு எரியும்போதாவது சத்தத்தைக் குறையுங்கள்.

வாசகி,
வெள்ளவத்தை