புதிதாக டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கும் பழையவர்களுக்கும்

வணக்கம். குழுவில் புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. முதல் நாள் நான்கு மணி நேரமும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடவு நேரத்தில் இப்படிக் கிடக்கிறேனே" என்று மட்டும் சொன்னார். பழையவர்கள் தயவுசெய்து அவரிடம் "கவலைப்படாதீர்கள்" என்று சொல்ல வேண்டாம். எனக்கும் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், எரிச்சல்தான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேளுங்கள், போதும்.

புதியவர்களே, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருப்பது) போட்ட இடத்தில் தினமும் காலையில் விரல் வைத்துப் பாருங்கள். மடியில் படுத்த பூனையின் குறுகுறுப்பைப் போல ஓர் அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த முறைவரை காத்திருக்காமல் உடனே மையத்துக்குப் போன் செய்யுங்கள். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, டயாலிசிஸ் ஊசியைத் தவிர வேறு ஊசி போடவோ யாரையும் விடாதீர்கள். நெல் மூட்டையும் தூக்க வேண்டாம்.

போகிற வீட்டிலெல்லாம் இளநீரும் வாழைப்பழமும் நீட்டுவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். மறுக்கக் கூச்சப்படாதீர்கள். உப்பு கூடினால் தாகம் கூடும், தண்ணீர் உடம்பில் தங்கும். (என் பலவீனம் மோர் மிளகாய். இன்னும் முழுதாக விடவில்லை.) தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் குறித்துவையுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஞாயிறு மாலை 4 மணிக்கு வழக்கமான இடத்தில் சந்திக்கிறோம். வீட்டில் சமைப்பவரையும் அழைத்து வாருங்கள்.