‘ஒத்துழைக்கவில்லை’ என்ற வரியைத் திருத்தக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: என் மகனின் காதுப் பரிசோதனை நடக்காமல் போனதும், அதற்குக் கொடுத்த அறிக்கையும்

ஐயா / அம்மா,

போன செவ்வாய்க்கிழமை என் மகனுக்குக் காது அழுக்கை எடுத்து, கேட்கும் திறனையும் சோதிக்க உங்கள் கிளினிக்குக்கு வந்தோம். இரண்டுமே நடக்கவில்லை. கையில் கிடைத்த அறிக்கையில் ஒரே ஒரு வரி: ‘குழந்தை ஒத்துழைக்கவில்லை.’

அவனுக்கு 7 வயது. டவுன் சிண்ட்ரோம், கூடவே ஆட்டிசம். பேச்சு இல்லை. காது வலித்தால் வலது காதை என் தோளில் வைத்து அழுத்துவான். அவன் சொல்லும் விதம் அதுதான். குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொல்லித்தான் உங்களிடம் அனுப்பினார். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குக் காதுத் துளை குறுகல், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வதும் அதிகம். காது பார்ப்பதே தொழிலாக இருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் நான் எழுத வேண்டியிருக்கிறது.

பதிவுப் படிவத்தில் ‘சிறப்புத் தேவைகள்’ என்றொரு கட்டம் இருக்கிறதே, அதில் எல்லாம் எழுதியிருந்தேன். இயந்திரச் சத்தம் ஆகாது, பின்னாலிருந்து தொட்டால் மிரளுவான், அன்றைக்கு முதல் ஆளாகக் கூப்பிட்டால் நல்லது. ‘பெற்றுக்கொண்டோம், நன்றி’ என்று குறுஞ்செய்தி வந்தது. சரி, படித்திருப்பார்கள் என்று நம்பினேன்.

50 நிமிடம் காத்திருந்தோம், தலைக்கு மேல் டிவி அலற. உள்ளே கூப்பிட்டபோது அவனிடம் பொறுமை மிச்சமில்லை. உங்கள் ஊழியர் ஒரு வார்த்தை சொல்லாமல் உறிஞ்சும் கருவியை அவன் தலைக்குப் பின்னால் ஓடவிட்டார். அந்தச் சத்தம் பெரியவர்களுக்கே பல்லைக் கூசவைக்கும். அவன் கத்தினான். “அம்மா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க” என்றார். நான் பிடிக்கவில்லை. திமிறும் குழந்தையின் காதுக்குள் கருவியை விட்டால் செவிப்பறை என்ன ஆவது? நாலே நிமிடத்தில், “மயக்க மருந்து கொடுக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். கட்டணம் மட்டும் முழுசாக.

மயக்க மருந்து தேவைப்படும் குழந்தைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதுவா? வரும் முன் 10 நாள் வீட்டில் பேனா டார்ச்சை வைத்துப் பழக்கினேன். முதலில் கரடிப் பொம்மையின் காது, அப்புறம் என் காது, கடைசியில் அவன் காது. பத்தாம் நாள் அவனே தலையைச் சாய்த்துக் காட்டினான். அந்தக் கரடி அன்று என் பையில்தான் இருந்தது. வெளியே எடுக்கக்கூட நேரம் தரவில்லை.

சத்தம் ஆகாதென்றால், மருத்துவரைக் கேட்டுச் சில நாள் சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து, கையால் எடுக்கும் சின்னக் கருவியை முயன்றிருக்கலாம். நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரிக்குச் சில நொடிகள் போதும். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லும் சோதனை அவனுக்குச் சரிவராது. தூங்கும்போதே, சத்தத்துக்கு மூளை எப்படிப் பதில் காட்டுகிறது என்று பார்க்கும் பெரா (BERA) சோதனை இருக்கிறது. உங்கள் விலைப்பட்டியலில் எல்லாம் இருக்கிறது, அவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

எனக்கு முதலில் அந்த அறிக்கை மாற வேண்டும். அடுத்த மருத்துவர் அதைப் படித்ததும் மயக்க மருந்திலிருந்துதான் தொடங்குவார். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: படிவத்தில் கேட்ட ஏற்பாடு செய்யப்படவில்லை, முன்கூட்டிச் சொல்லாமல் கருவி இயக்கப்பட்டது, பரிசோதனை நடக்கவில்லை.

அடுத்து, செலுத்திய கட்டணத்துக்கு இரண்டு முறை வர அனுமதி வேண்டும். முதல் முறை எதுவும் செய்ய வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, கருவிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும். இரண்டாம் முறை காலையில் முதல் ஆளாக, முதல் முறை பார்த்த அதே ஆடியோலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிப்பவர்). அவன் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும்.

10 நாளுக்குள் மின்னஞ்சலில் பதில் அனுப்புங்கள். போன் வேண்டாம், போனை இடுக்கிக்கொள்ளும் தோளில்தான் இப்போது அவன் காது இருக்கிறது.

இப்படிக்கு,
சிறுவனின் தாய்

இணைப்பு: பதிவுப் படிவம், குறுஞ்செய்தி, அறிக்கை, ரசீது ஆகியவற்றின் நகல்கள்