லீடுக்கும் ஒரு ட்ரெயினிங் குடுங்க சார்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பர் வேலைவாய்ப்பு பக்கத்துல, வெளிநாட்டு டீமோட ரிமோட்ல வேலை பாக்குறவங்களுக்கு டிப்ஸ்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. தைரியமா பேசுங்க, நேரடியா சொல்லுங்க, கேமராவை ஆன்ல வைங்க, உச்சரிப்பை சரி பண்ணுங்கன்னு வரிசையா அட்வைஸ். எதுவும் தப்புன்னு சொல்ல வரல. ஆனா அத்தனையும் ஒரு பக்கத்து ஆளுக்கு மட்டும்தானே இருக்கு? இங்கிலீஷை ரெண்டாவது மொழியா பேசுறவன்தான் மாறணும், அவனோட டீமை நடத்துற லீடும் கிளையன்ட்டும் இருந்தபடியே இருக்கலாம்ங்கிற மாதிரி. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கேன், டீம்ல ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கான்னு எல்லா பக்கத்து ஆளும் உண்டு, படிச்சதும் கை சும்மா இருக்கல, அதான் எழுதுறேன்.

வீடியோ கால்ல வழக்கமா நடக்குறது இது. லீடு கேக்குறாரு, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?" இந்தப் பக்கம் ஒருத்தர், "ட்ரை பண்றோம்"ங்கிறார். அவர் மனசுல ஓடுறது, டெஸ்ட் சர்வரே இன்னும் கைக்கு வரல எப்படிய்யா முடியும்னு. லீடு காதுல விழுந்தது, முடிஞ்சிடும். உடனே வேலையைப் பதிஞ்சு வைக்கிற டிக்கெட்ல தேதி ஏறிடும். வெள்ளிக்கிழமை வந்ததும் ஏன் முன்னாடியே சொல்லலைன்னு அவரு, நான் அன்னைக்கே சொன்னேனேன்னு இவரு, ரெண்டு பேருமே பொய் சொல்லல. இதுக்கு ட்ரெயினருங்க குடுக்குற ஒரே மருந்து, முடியாதுன்னு நேரா சொல்லப் பழகு. இன்க்ரிமென்ட் யார் கையில இருக்கோ அவர்கிட்ட, மொத்த டீமும் கேட்டுட்டு இருக்கும்போது, அதுவும் இன்னொருத்தர் மொழியில முடியாதுன்னு சொல்லணுமாம்! அதுக்கு பதிலா லீடு கேள்வியை மாத்திக் கேக்கலாமே. "இதுல எது முதல்ல தள்ளிப்போகும்? வெள்ளிக்கிழமை முடிக்கணும்னா உங்க கைக்கு என்னென்ன வரணும்?" இதுக்கு ஆமா இல்லைன்னு ஒத்தை வார்த்தையில பதில் சொல்லவே முடியாது, சர்வர் சமாச்சாரம் தானா வெளிய வந்துடும், யாரும் யாரையும் எதிர்த்துப் பேசினதாவும் ஆகாது.

இது ஒண்ணும் புது விஷயமும் இல்ல. எட்வர்ட் ஹால்னு ஒரு அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1976லயே இதைப் பிரிச்சு எழுதி வச்சிருக்காரு. சில சமூகத்துல பாதி விஷயம்தான் வாயில வரும், மீதியை இடம் பொருள் பாத்து கேக்குறவரே புரிஞ்சுக்கணும், இன்னும் சில சமூகத்துல வாய்விட்டு சொன்னது மட்டும்தான் கணக்கு. நேர்ல இருந்தா முகத்தைப் பாத்தாவது ஏதோ சரியில்லைன்னு புரியும். ஸ்கிரீன்ல முகம் ஒரு சின்ன கட்டம், சாட்ல அதுவும் கிடையாது, அப்போ அந்த மீதி எங்க போய் சேரும்?

அதுக்காக நாட்டு வாரியா ஆளுக்கு லேபிள் ஒட்டுறதும் வேணாம். ட்ரெயினிங்ல ஸ்லைடு போட்டு இந்த நாட்டுக்காரங்க அதிகாரத்துக்கு பயப்படுவாங்க, அந்த நாட்டுக்காரங்க பட்டுன்னு பேசுவாங்கன்னு மார்க் காட்டுவாங்க பாருங்க, அதுக்கெல்லாம் அடிப்படை ஹாஃப்ஸ்டெட்ங்கிற டச்சு ஆய்வாளர் 1967ல இருந்து 1973க்குள்ள ஐபிஎம் ஊழியர்கள்கிட்ட எடுத்த சர்வே. ஒரே கம்பெனி ஆளுங்க, அரை நூற்றாண்டுக்கு முன்னாடி! எங்க டீம் ஜப்பான்காரர் கால்ல வாயே திறக்க மாட்டார், அதே ஆள், மத்தவங்க எழுதின புரோகிராமை சரிபாக்குற கோட் ரிவ்யூவில கமெண்ட் எழுதினார்னா தோலை உரிச்சிடுவார். அவருக்கு பேச வராதுன்னு இல்ல. பேசுறதுக்கு இடைவெளி கிடைக்கல. கேட்டதை தன் மொழியில யோசிச்சு இங்கிலீஷ்ல கோர்த்து வாயைத் திறக்குறதுக்குள்ள, லைன்ல வேற டிலே, அமெரிக்கா ஆள் அடுத்த விஷயத்துக்கு தாவியிருப்பாரு. "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்டு ஒரு மூச்சு விடக்கூட டைம் குடுக்காம "ஓகே கிரேட்"னு முடிக்கிறவங்களை என்ன சொல்ல. முந்தின நாளே பேசப்போற விஷயத்தை எழுதி அனுப்பி, கருத்தை எழுத்துலயும் வாங்கிட்டா போதும், கால்ல ஊமையா இருக்குறவங்க எத்தனை விஷயம் கையில வச்சிருக்காங்கன்னு தெரியும்.

விமானத் துறை இதை உயிர் குடுத்து கத்துக்கிட்டது. 1990 ஜனவரியில கொலம்பியாவோட ஏவியான்கா விமானம் ஒண்ணு நியூயார்க் பக்கத்துல எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் செத்தாங்க. எரிபொருள் தீருதுன்னு விமானத்துல இருந்து ரேடியோல சொல்லியிருக்காங்க, ஆனா எமர்ஜென்சின்னு முறையா அறிவிக்கல, அந்த அவசரம் கீழ இருந்தவங்களுக்குப் போய் சேரவே இல்ல. அப்புறம் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, வெளிநாட்டு ரூட்ல பறக்குற பைலட்டுக்கும் கண்ட்ரோலருக்கும் இங்கிலீஷ் தகுதி கட்டாயம்னு 2008ல அமலுக்குக் கொண்டுவந்துச்சு. இதுல எனக்குப் பிடிச்சது வேற, இங்கிலீஷ் தாய்மொழியா உள்ளவங்களும் சொலவடை, கொச்சை எல்லாம் விட்டுட்டு மத்தவங்களுக்குப் புரியுற மாதிரி நிதானமா பேசணும்னு அந்த அமைப்போட வழிகாட்டுதல்லயே இருக்கு. வானத்துல செல்லுபடியாகுற நியாயம் ஜூம் கால்ல மட்டும் ஏன் ஆகாது?

தேதி நேரக் கூத்து தனி. 04/05ன்னு எழுதினா அமெரிக்காவுல ஏப்ரல் 5, பிரிட்டன்ல மே 4. மாசத்தோட பேரை எழுத்துல எழுதுறதுக்கு என்ன கேடு? ஈஓடிக்குள்ள, அதாவது நாள் முடியுறதுக்குள்ள அனுப்புங்கன்னா, யாரோட நாள்? மார்ச்ல அமெரிக்கா கடிகாரத்தை முன்னாடியே மாத்திடும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான் மாத்தும், நடுவுல ரெண்டு மூணு வாரம் மீட்டிங் எல்லாம் ஒரு மணி நேரம் இடிச்சுக்கும், கடிகாரத்தை மாத்தாத நாட்டுக்காரங்க பாவம் ரெண்டு தரம் அட்ஜஸ்ட் பண்ணணும். இதை விட எரிச்சல், ராத்திரி பதினோரு மணி கால் எப்பவும் ஒரே தரப்பு தலையிலதான் விழுது. தூக்கக் கலக்கத்துல பேசாம உக்காந்திருந்தா அதுக்கும் பேரு தன்னம்பிக்கைக் குறைவு! மாசம் ஒரு தரம் நேரத்தை மாத்திப் போட்டு லீடும் ஒரு ராத்திரி முழிச்சிருக்கட்டும்.

அதனால அந்தக் கட்டுரையோட அடுத்த பாகம் எழுதறதா இருந்தா, மீட்டிங் நடத்துறவங்களுக்கும் கேள்வி கேக்குறவங்களுக்கும் எழுதச் சொல்லுங்க. கேமராவை ஆன் பண்றது எப்படின்னு எங்களுக்கு நல்லாவே தெரியும் சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், ஒரு ரிமோட் டெஸ்டர்