ஜெர்மனிக்கு போஸ்ட்டாக் விண்ணப்பம் போடப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று, இனி போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலை) வேட்டை. ‘ஆர், பைத்தான், லினக்ஸ் கிளஸ்டர் அனுபவம் தேவை’ என்று விளம்பரத்தில் இருக்கும். அதையே சிவியில் திருப்பி எழுதுவதால் பயனில்லை, எல்லாருமே அதைத்தான் எழுதுகிறார்கள். கிட்ஹப் தளத்தில் உன் நிரல்களை வைத்த ஒரே ஒரு ரெப்போ போதும். ஆனால் அது அடுத்தவர் கணினியில் ஓட வேண்டும்.

எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் உன் ஆர்என்ஏ-சீக் வேலையையே எடுத்துக்கொள். ஸ்கிரிப்ட்டில் உன் லேப்டாப்பின் ஹோம் ஃபோல்டர் பெயர் இருந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடும். கோப்புப் பாதைகளையெல்லாம் தனி கான்ஃபிக் கோப்புக்குக் கொண்டுபோ. மென்பொருள்களை நிறுவித்தரும் காண்டாவின் கோப்பில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் வெர்ஷன் எண்ணைப் போடு. போடாவிட்டால் ஆறு மாதம் கழித்து நிறுவுகிறவருக்கு வேறு வெர்ஷன் இறங்கும், முடிவும் மாறலாம். சீக்வென்சிங்கிலிருந்து நேராக வரும் ஃபாஸ்ட்க்யூ கோப்புகளை ஏற்றாதே. 100 எம்பியைத் தாண்டினால் கிட்ஹப் வாங்காது. மூலத் தரவுக்கு ஜியோ (பொதுத் தரவுக் களஞ்சியம்) எண்ணைக் கொடுத்துவிட்டு, ஒரே குரோமோசோமிலிருந்து சில ஆயிரம் ரீடுகளை (சீக்வென்ஸ் செய்த சிறு துண்டுகளை) மட்டும் சோதனைக்கு வை. ஐந்து நிமிடத்தில் ஓடி முடியட்டும். அதற்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது.

நேர்காணலில் எது எங்கே உடையும் என்று துருவுவார்கள். ஜீன் எண்ணிக்கை முழுக்கப் பூஜ்ஜியமா? ரீடுகள் ஜீனோமில் எங்கே பொருந்தின என்று சொல்லும் பாம் கோப்பில் குரோமோசோம் பெயர் ‘சிஎச்ஆர்1’ என்றும், ஜீன்களின் இடங்களைச் சொல்லும் ஜிடிஎஃப்பில் வெறும் ‘1’ என்றும் இருக்கிறதா பார். முன்னது யுசிஎஸ்சி, பின்னது என்செம்பிள் என்ற ஜீனோம் தரவுத்தளங்களின் வழக்கம்; பெயர் பொருந்தாவிட்டால் எதுவும் எண்ணப்படாது. பூஜ்ஜியமில்லை, ஆனால் படுகுறைவு என்றால் ரீடு எந்த டிஎன்ஏ இழையைச் சேர்ந்தது என்ற ஸ்ட்ராண்ட் திசையைத் தலைகீழாகக் கொடுத்திருக்கலாம். ரீடுகளை ஜீனோமில் பொருத்தும் ஸ்டார் மென்பொருள் பாதியில் செத்ததா? மனித ஜீனோமுக்கு அது சுமார் 30 ஜிபி ராம் தின்னும். கிளஸ்டரில் வேலைகளைப் பங்கிடும் ஸ்லர்மிடம் 16 ஜிபி கேட்டிருந்தால் கொன்றுதான் போடும்.

ஒரு பொறியும் வைக்கலாம். கன்ட்ரோல் சாம்பிள்கள் எல்லாம் ஒரு நாள், மருந்து கொடுத்தவை எல்லாம் இன்னொரு நாள் சீக்வென்ஸ் ஆகியிருக்கின்றன. இரு குழுக்களின் ஜீன் எண்ணிக்கையை ஒப்பிடும் டிஈசீக்2 ஃபார்முலாவில் பேட்சை (சீக்வென்ஸ் ஆன நாளை) எப்படிச் சேர்ப்பாய்? சேர்த்தால் அது எரர் காட்டி நின்றுவிடும். மருந்தின் விளைவையும் நாளின் விளைவையும் அங்கே எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஏதாவது திருத்தம் செய்துவிடலாம் என்று மழுப்பாதே. முடியாது என்று சொல்லி, ஒவ்வொரு நாளும் இரு வகையையும் கலந்து ஓட்டியிருக்க வேண்டும் என்று காரணத்தை விளக்கு.

விண்ணப்பக் கடிதம் ஒரே பக்கம். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிடும் பழக்கம் நம் ஊரில் ஒழிந்தபாடில்லை. நீ விண்ணப்பிக்கும் ஆய்வுக் குழுவின் ஒரு கட்டுரையை எடுத்து, அதன் தரவை வைத்து நீ அடுத்து என்ன செய்வாய் என்று நான்கு வரி எழுது.

சம்பளம் பெரும்பாலும் டிவி-எல் ஈ13 (ஜெர்மன் மாநில அரசு ஊழியர் சம்பள அட்டவணையின் ஒரு பிரிவு). அதற்குள் எந்த ‘ஸ்டூஃபெ’யில் (அனுபவப் படிநிலையில்) உன்னை வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாதச் சம்பளம் மாறும். பழைய வேலைச் சான்றுகளைக் காட்டி, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடு. எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்கு.

வைவா முடிந்த கையோடு புரொவிஷனல் சான்றிதழை வாங்கி வைத்துவிடு. பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருந்தால் ஒப்பந்தமும் விசாவும் இழுபறியாகும்.

அன்புடன்,
அண்ணன்