தூண்டில் சங்கத்தின் ஆண்டறிக்கை: செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, சாப்பாட்டு நேரத்துக்கு வரப்போகும் உறுப்பினர்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

போன பொதுக்குழு ஆனியில் நடந்தது. செயற்குழு கூட வேண்டிய அளவுக்குக் கூடியது. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் படித்துறையைச் சுத்தம் செய்தோம். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு மாலை வைத்தோம். தூண்டில் முள், நரம்பு, ஈயக்குண்டு மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர்கள் காசு கொடுத்தார்களா என்பது கீழே வரும்.

இனி ஐப்பசிக்கு வருகிறேன். நம் சங்கத்துக்கு வருஷம் என்பதே ஐப்பசிதான். பவானிசாகர் அணைக்குள் மீன்பிடிப்பது தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு. அங்கே பரிசலில் போய் வலை விரிப்பவர்களுக்கு அது பிழைப்பு, நமக்கு அங்கே வேலை கிடையாது. மாயாறு அணையில் வந்து சேருகிற பக்கம் புலிகள் காப்பகத்துக் காடு. பொழுது சாய்ந்தால் யானை தண்ணிக்கு இறங்கும் இடத்தில் தூண்டிலை வைத்துக்கொண்டு உட்கார யாருக்கும் துணிச்சல் தேவையில்லை, புத்தி இல்லாமல் இருந்தால் போதும். ஆகவே நமக்கு உள்ளது அணைக்குக் கீழே பவானியும் அதன் படித்துறைகளும்தான். இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன்.

மழையில் கரை நனைந்து, ஆறு செந்தண்ணியாகக் கலங்கினால் ஆரால் இரை எடுக்க ஆரம்பிக்கும். கெளுத்தி, விலாங்கு எல்லாம் இருட்டு மீன்கள். பகலில் கல்லிடுக்கில் கிடப்பது ராத்திரியில்தான் இரைக்கு வெளியே வரும். மண்புழுவுக்கும் அலைய வேண்டாம், வாழைத்தோப்பு ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டினால் கொத்துக் கொத்தாக வரும். பகல்காரர்கள் மைதா உருண்டையும் கடலைப்புண்ணாக்கும் வைத்து ஜிலேபியும் கெண்டையும் பிடித்தார்கள். ஜிலேபியை நம்ம ஊர் மீன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு தகவல்: அது ஆப்பிரிக்க மீன், இந்தியாவுக்குள் வந்தது 1952இல். கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள். ஆராலும் விராலும் கெளுத்தியும்தான் நம்மவை. ஒரு சாணுக்குக் கீழே இருக்கும் விராலைத் திருப்பி ஆற்றில் விட வேண்டும் என்ற தீர்மானம் இன்னும் அமலில்தான் இருக்கிறது. சாண் என்றால் யாருடைய கையில் என்று கேட்ட உறுப்பினருக்குப் பதில்: செயலாளர் கையில்.

வருகைப் பதிவேட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புரட்டாசி முழுக்கப் பாதிப் பேர் சைவம். மீனைத் தின்ன மாட்டேன், பிடிக்கவும் மாட்டேன் என்கிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. கார்த்திகை பிறந்தால் மீதிப் பேர் மாலை போட்டுக்கொள்கிறார்கள். அதையும் குறை சொல்லவில்லை. நடுவில் ஐப்பசி ஒன்றுதான் மிச்சம், அதிலும் தீபாவளி வந்து ஒரு வாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இத்தனைக்கும் ஐப்பசி சனிக்கிழமை ராத்திரிகளில் கரையில் கூட்டம் குறையவே இல்லை. தூண்டில் போட்டவர்கள் கைவிரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் அடுப்பைச் சுற்றி நின்றவர்கள். இருட்டில் தண்ணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் என்னிடம் வந்து, “ஏனுங்க செயலாளரே, ஏதாவது மாட்டுச்சுங்களா? எண்ணெய் காஞ்சிட்டிருக்குதுங்க” என்று கேட்பதுதான் அவர்களுடைய மீன்பிடி. நான் பிடிக்காத ராத்திரிகளில் கடையில் வாங்கிவந்து பொரித்தார்கள். அந்த மீனின் விலையும் சங்கக் கணக்கில்தான் ஏறியது.

ராத்திரிக் கரையைப் பற்றி ஊரில் பேச்சு இருப்பதால் அதையும் பதிவு செய்துவிடுகிறேன். ஐப்பசி ராத்திரி நம் பக்கத்தில் எப்போதும் விழித்தே இருக்கும். அணைக்கு முன்னால் மீன் வறுவல் கடைகளில் கல் சூடு ஆறுவதே இல்லை. பத்து மணிக்கு அரசாங்கக் கடை மூடினால் அங்கிருந்து கிளம்புகிறவர்கள் பரோட்டாக் கடைக்கு வருகிறார்கள். புளியம்பட்டிச் சந்தை நாளென்றால் மாட்டு வியாபாரிகள் டீக்கடை பெஞ்சிலேயே படுத்துவிடுகிறார்கள். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துத் தடை இருப்பதால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் லாரிகள் மலையடிவாரத்துப் பண்ணாரியிலேயே நின்றுவிடுகின்றன, டிரைவர்களும் ராத்திரிச் சோற்றைக் கீழேதான் முடிக்கிறார்கள். பின்ஜாமத்தில் மல்லிகை பறிக்கிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூக்காட்டுக்குப் போகிறார்கள். நம் ஆட்கள் தூண்டிலைச் சுருட்டும்போது அவர்கள் பாதி மடி நிறைய மொக்கு பறித்திருப்பார்கள். இத்தனை பேர் விழித்திருக்கும் ஊரில் நாம் நாலு பேர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பது மட்டும் எப்படித் தொந்தரவாகத் தெரிகிறது என்று எனக்குப் புரியவில்லை. பாட்டுப் பெட்டி விஷயத்தில் மட்டும் பக்கத்து வீட்டு அம்மிணி சொன்னது நியாயம். பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கிடையாது என்று தீர்மானம் போட்டாயிற்று. கண்ணாடிப் பாட்டில்களுக்கும் சங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் கட்டியது யார் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்து டியூப். சிலர் சிரிப்பது கேட்கிறது, சிரிக்கட்டும்.

அணைக்கு ஒரு கணக்கு உண்டு. அக்டோபர் முடியும்வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை. நவம்பர் பிறந்த பிறகுதான் முழு மட்டமான 105 அடி. நீலகிரியில் மழை பிடித்து, பில்லூர் அணை நிறைந்து, மேட்டுப்பாளையம் வழியாக வெள்ளம் வந்து சேர்ந்தால் 102ஐத் தொட்ட மறுநொடி உபரியை ஆற்றில் விட்டாக வேண்டும். அதாவது, நாம் ஆரால் பிடிக்க ஆற்றில் இறங்குகிற அதே மாதம்தான் அணையும் ஆற்றில் தண்ணி விடுகிறது. ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள், கீழே கொடிவேரித் தடுப்பணையில் ஆட்களைத் தடுக்கிறார்கள், எல்லாம் சரி. நடுப்பாறையில் போய் உட்கார்ந்துகொண்டு காதில் பாட்டு மாட்டியிருப்பவனுக்கு அது எப்படிக் கேட்கும்?

அதனால்தான் உயிர்க்காப்புப் பெட்டி வைக்கலாம் என்று போன பொதுக்குழுவில் சொன்னேன். ஆதரித்தவர்கள் கை தூக்கினார்கள். கை தூக்கியதோடு சரி. சத்தியமங்கலத்தில் பஞ்சர் கடை கடையாக ஏறி இறங்கினேன். இப்போது லாரிகளுக்கெல்லாம் டியூப் இல்லாத டயர் வந்துவிட்டதால் நல்ல டியூப் கிடைப்பதே அரிது. கிடைத்தவற்றில் ஒட்டுப் போட்டு, காற்றடித்து, தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, இருட்டில் தெரிய வெள்ளைப் பெயிண்ட்டில் பட்டை போட்டேன். கயிறு கட்டும் முடிச்சைப் பரிசல்காரப் பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். இழுக்க இழுக்க இறுகும், நனைந்தாலும் அவிழ்க்கலாம். பெட்டிக்குக் காசு இல்லாததால் கெட்டுப்போன ஃபிரிட்ஜ் ஒன்றை மல்லாக்கப் படுக்கவைத்து அதற்குள் டியூபும் கயிறும் டார்ச்சும் வைத்தேன். படித்துறையில் வைக்க அனுமதி கேட்டு எழுதினால், சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் இது எந்தப் பிரிவில் வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் படிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் வேலி ஓரத்தில் இடம் கொடுத்தார். பாறையில் ஒரு அடிக்கு ஒரு கோடாக வெள்ளைக் கோடும் போட்டேன், தண்ணி ஏறுவது கண்ணுக்குத் தெரியட்டும் என்று. அன்றிலிருந்து எனக்கு டியூப் செயலாளர் என்று பெயர். முதல் வாரமே அந்தப் பெட்டிக்குள் மசாலா தடவிய மீனை மூடிவைத்தவர்களும் இந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள்.

ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை. அடுப்பில் ஜிலேபி பொரிந்துகொண்டிருந்தது, பேச்சு தேர்தலில் நின்றது. நான் டார்ச்சைக் கோட்டில் அடித்துப் பார்த்தேன். கீழ்க்கோடு இல்லை. ஒரு பீடி நேரம் கழித்து அடித்தேன், இரண்டாவது கோடும் இல்லை. ஆற்றில் சத்தம் கூட மாறவில்லை, அதுதான் பயம். கூப்பிட்டுத் தலை எண்ணினால் ஒருத்தர் குறைகிறார். அவர் நடுப்பாறையில் வாளைக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், பாறையைச் சுற்றித் தண்ணி ஓடுகிறது, மனிதருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. டியூபை மேல்பக்கமிருந்து விட்டோம். முதல் தடவை விலகிப்போயிற்று. அடுத்த தடவை பாறைக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு கையில் டியூபைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ரீல் தூண்டிலை விடாமல், எங்களைத் திட்டிக்கொண்டே கரை ஏறினார். திட்டினது எதற்கென்றால், நாங்கள் போட்ட சத்தத்தில் வாளை ஓடிவிட்டதாம். பெயர் சொல்லப்போவதில்லை. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருஷச் சந்தா பாக்கி.

தூண்டில் போட்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழி முதல் ஞாயிறு நடந்தது. முதல் பரிசுக்கு வந்த கட்லாவைத் தராசில் வைக்கும்போது வயிற்றைத் தொட்டேன், ஐஸ் போலச் சில்லென்று இருந்தது. கண்ணும் பஞ்சு பூத்திருந்தது. பவானித் தண்ணி அவ்வளவு குளிர்ச்சி இல்லை என்று மட்டும் சொல்லி அந்த மீனை ஒதுக்கினேன். பரிசு அடுத்தவருக்குப் போயிற்று. ஒதுக்கப்பட்டவரின் மாமா செயற்குழுவிலிருந்து விலகிக்கொண்டார். அவருடைய சேவைக்கு நன்றி.

சந்தா. வருஷத்துக்கு 300 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு பரோட்டா செட்டுக்கும் பற்றாது. கேட்கப் போனால் அண்ணன் வெளியூர், மஞ்சள் போட்ட காசு வரட்டும், வாழை வெட்டட்டும், நூல் விலை இறங்கட்டும் என்கிறார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் மஞ்சள் விலை ஏறின வருஷத்திலும் நான் சந்தா கேட்டிருக்கிறேன், அப்போது வீடு கட்டுகிறேன் என்றார்கள். பாக்கிப் பட்டியலைப் பலகையில் ஒட்டலாம் என்று பொருளாளர் சொன்னார். சொந்தபந்தங்களுக்குள் முகம் கொடுக்க முடியாமல் போய்விடும் என்று தலைவர் தடுத்தார். பட்டியல் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கம் இதுதான்: வரவும் செலவும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. சரியாக வராத இடத்தைச் சில்லறைச் செலவு என்று போட்டிருக்கிறோம். எண்ணெய், மசாலா, கரி, எலுமிச்சை ஆகியவை ‘கரைப் பராமரிப்பு’ என்ற தலைப்பில் வரும். டியூப், கயிறு, பெயிண்ட் செலவில் சங்கம் கொடுத்தது போக மீதியை ஒருவர் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைப் பதிவுக்காகச் சொல்கிறேன்.

வரும் ஆண்டைப் பற்றி. மேல் படித்துறைக்கும் இன்னொரு பெட்டி வேண்டும். ஃபிரிட்ஜ் யார் வீட்டிலாவது கெட்டுப்போயிருந்தால் பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்காரருக்குப் போடுவதற்கு முன் சொல்லுங்கள். ஐப்பசி ராத்திரிகளில் கோட்டைப் பார்க்க முறை வைத்து இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்கு வறுவலில் முதல் தட்டு. எனக்கு மூட்டுவலி கூடிக்கொண்டே வருகிறது, இருட்டில் படி இறங்க மகன் வேண்டாம் என்கிறான். இந்தப் பொறுப்பை இளைஞர்கள் யாராவது ஏற்றுக்கொள்வதாக இருந்தால் சாவியையும் பதிவேட்டையும் இப்போதே கொடுத்துவிடுகிறேன். யாரும் முன்வராவிட்டால், சங்கத்தைத் தவிக்கவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அப்படித் தொடர்வதாக இருந்தால் பாக்கி வசூலாக வேண்டும். இதை நிபந்தனை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், வேலி ஓரத்தில் இடம் கொடுத்த தோட்டத்துக்காரருக்கும், முடிச்சு கற்றுக்கொடுத்த பெரியவருக்கும், மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்தவர்களுக்கும், மைக் செட்டுக்காரருக்கும், சமையல்காரருக்கும் நன்றி. விடுபட்டவர்கள் மன்னிக்கவும்.

சாப்பாடு தயாராக இருக்கிறது. பந்திக்குப் போகும் வழியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சில்லறை இல்லை, 300 ஆகவே கொண்டுவரவும். போனில் அனுப்புகிறேன் என்பவர்கள் அங்கேயே நின்று அனுப்பிவிட்டுப் போகவும்.