நூலகத்து மண்சுவரைப் பூச வேண்டாம்

எங்கள் ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பழைய நூலகத்தின் பின்பக்க மண்சுவருக்கு மருந்தடித்து சிமெண்ட் பூசப் போவதாகக் கேள்விப்பட்டேன். சுவரெல்லாம் ஓட்டை, தேனீ கொட்டும் என்று சிலர் மனு கொடுத்திருக்கிறார்களாம். பிள்ளைகள் வந்து போகிற இடம், அவர்கள் பயம் நியாயம்தான். ஆனால் அங்கே இருப்பது கூட்டமாகத் துரத்தி வரும் மலைத்தேனீ இல்லை. அது நீலப்பட்டைத் தேனீ. கறுத்த உடம்பில் நீல வரி ஓடும்.

இதற்கு ராணி கிடையாது, வேலைக்காரத் தேனீ கிடையாது. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு தாய் தனியாகத் தோண்டியது. உள்ளே சின்னச் சின்ன அறை அமைத்து, ஈரம் இறங்காதபடி மெழுகு போல ஒன்றைப் பூசுவாள். மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, மண்ணால் அடைத்துவிடுவாள். பக்கத்திலேயே இருபது வீடு இருந்தாலும் அவரவர் பாடு அவரவருக்கு. காவல் காக்கத் தேன்கூடு இல்லை, அதனால் ஆள்மேல் பாய்வதும் இல்லை. கையில் பிடித்து நசுக்கினால் பெண் கொட்டும். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

அப்புறம் கத்திரி. அந்தப் பூவின் மகரந்தப் பை நுனியில் துளை மட்டும்தான் உண்டு. உப்பு டப்பா மாதிரிக் குலுக்கினால்தான் தூள் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. இவள் பூவைக் கட்டிப்பிடித்து, இறக்கை அசையாமல் உடம்பை மட்டும் அதிர விடுவாள். போன வாரம் என் பாத்தியில் அந்த ரீங்காரம் திடீரென்று சுருதி ஏறியது. குனிந்து பார்த்தேன், அவள் நெஞ்செல்லாம் வெளிர்மஞ்சள் பொடி. தக்காளிப் பூவிலும் இதே வேலைதான். காய் நன்றாகப் பிடிப்பதில் இவளுக்கும் பங்கு உண்டு.

இப்போது பூசினால், உள்ளே அடைபட்டிருக்கும் புழுக்கள் வெளியே வர வழியில்லாமல் செத்துப்போகும். மற்ற மூன்று சுவரையும் பூசுங்கள். இந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, மழை கரைக்காமல் மேலே கொஞ்சம் ஓடு இறக்கிப் போட்டால் போதும். மருந்து வேண்டவே வேண்டாம்.

ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நேரில் வாருங்கள். சுவரோரம் காய்ந்து நிற்கும் துளசிக் குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு ஆண் தேனீக்கள் வரிசையாகத் தூங்கும். நேற்று எண்ணினேன், ஏழு.

இப்படிக்கு,
நூலகத் தெருவில் கத்திரி போடும் ஒருவர்