வண்டலூரும் 600048-ம்

ஆசிரியருக்கு,

தாம்பரம் வட்டாரம் பற்றிய கட்டுரையில், 600 என்று தொடங்கும் பின்கோடு இருப்பதால் வண்டலூரும் சென்னை மாநகரில் அடக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. எந்த அஞ்சலகத்துத் தபால்காரர் ஒரு தெருவுக்கு வருகிறார் என்பதற்கு மேல் பின்கோடு எதையும் சொல்லாது. 600048 எண்ணுள்ள வண்டலூர் செங்கல்பட்டு மாவட்டம். 600100-ஐப் பாருங்கள்: பள்ளிக்கரணை 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, ஒட்டியுள்ள மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எண்தான்.

மயிலாப்பூரை ‘சென்னை-4’ என்றும் தி.நகரை ‘சென்னை-17’ என்றும் எழுதிய காலம் உண்டு. 1972 ஆகஸ்ட் 15-ல் ஆறு இலக்க முறை வந்ததும் அவை 600004, 600017 ஆயின. முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் குறிப்பவை. அது வேறு, கலெக்டர் ஆளும் மாவட்டம் வேறு. குழப்பத்தின் வேர் இங்கேதான்.

தென்புற எண்களில் ரயில் பாதையின் வரலாறே தெரியும். கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் சொன்னால், பல்லாவரம் 43, குரோம்பேட்டை 44, மேற்குத் தாம்பரம் 45, விமானப்படைத் தளம் 46, சானடோரியம் 47, வண்டலூர் 48. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது குரோம் லெதர் ஆலை. சானடோரியத்துக்கு 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் இங்கெல்லாம் மனைகள் பெருகின. தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் எண் தாவிவிடும்: கிழக்குத் தாம்பரம் 59, சேலையூர் 73.

இதே தாம்பரம் 1997-ல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது, 2019-ல் செங்கல்பட்டுக்கு வந்தது, 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கத்தோடும் ஐந்து பேரூராட்சிகளோடும் சேர்ந்து மாநகராட்சியானது. இத்தனைக்கும் 600045 அசையவில்லை. ஆகவே வார்டு மாறியதென்று முகவரியில் பின்கோட்டைத் திருத்துவது வீண் வேலை. பத்திரப் பதிவுக்கும் பட்டாவுக்கும் வருவாய்க் கிராமமும் சர்வே எண்ணும்தான் கணக்கு. பின்கோட்டை அடித்ததும் மாவட்டத்தைத் தானே நிரப்பும் இணையப் படிவங்களில் ‘சென்னை’ என்று விழுந்தால், கையால் மாற்றிவிட வேண்டும்.

கடிதம் தவறிப்போவதற்குப் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறுவதே காரணம். 45-ஐ 54 என்று எழுதினால் தபால் நகரின் மறுகோடியில் உள்ள ஆவடிக்குப் போகும். காந்தி தெருவும் நேரு தெருவும் இல்லாத நகர் இங்கே ஏது? எனவே கதவு எண், தெரு, நகர் பெயர், அதன்பின் அஞ்சலகத்தின் பெயர், கடைசியில் பின்கோடு என்று எழுத வேண்டும். வீட்டுக்குப் பக்கத்து அஞ்சலகமே நமக்குத் தபால் தருவது என்றும் நினைத்துவிடக் கூடாது. பட்டுவாடா இல்லாத அஞ்சலகங்களும் உண்டு. அஞ்சல் துறையின் இணையதளத்தில் ஊர் பெயரைத் தேடினால் எது பட்டுவாடா அஞ்சலகம் என்று தெரியும். எல்லைத் தெருவில் குடியிருப்பவர்கள் தபால்காரரிடமே கேட்பது நல்லது. சில தெருக்களில் ஒரு பக்கம் ஒரு பீட் (ஒரு தபால்காரர் சுற்றும் பகுதி), எதிர்ப்பக்கம் வேறு பீட்.

இப்படிக்கு,
தாம்பரம் வாசகர்